143 குதிரையே அதிகம்: மண்ணில் ஓடும் ஒரு பழைய போர்ஷே

மக்களே, வெஹிக்கிள் டைனமிக்ஸ் பேப்பரில் லோட் டிரான்ஸ்ஃபர் ஃபார்முலாவை எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. பரீட்சை முடிந்த மறுநாள் அது மறந்தும் போயிருக்கும். அதே ஃபார்முலாவை வைத்து, 40 வயசு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மண் மைதானத்தில் ரேஸ் ஓட்டத் தயார் செய்வது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம். பாஹா டீமில் இருப்பவர்களுக்கு இது நேரடியாகவே உதவும். மற்றவர்கள் ஒரு கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காரை நான் ஓட்டியதில்லை. இங்கே இருப்பதெல்லாம் ஸ்பெக் ஷீட்டும் கணக்கும்தான்.

கார் போர்ஷே 944. இடம் அமெரிக்கா. போட்டியின் பெயர் ராலிகிராஸ்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். ராலிகிராஸ் பிறந்தது இங்கிலாந்தில், கென்ட் பகுதியில் இருக்கும் லிடன் ஹில் மைதானத்தில், 1967 பிப்ரவரியில். டிவிக்காக நடத்திய அந்த முதல் போட்டியில் விக் எல்ஃபோர்ட் ஜெயித்தார். அவர் ஓட்டியது போர்ஷே 911. அங்கே பாதி தார், பாதி மண் இருக்கும் டிராக்கில் கார்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும். உலக சாம்பியன்ஷிப் ஆக 2014-இல் வளர்ந்தது அந்த வகைதான். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்கிற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் ராலிகிராஸ் வேறு ஜாதி. ஒரு பெரிய மண் மைதானம் அல்லது புல்வெளி, அதில் ஆரஞ்சு கூம்புகளால் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், எதிரி கடிகாரம் மட்டும். உங்க முறை இல்லாத நேரத்தில் நீங்களே வெயிலில் நின்று, அடுத்தவன் தட்டிவிட்ட கூம்பை எடுத்து வைக்கணும். ரொம்ப ஜனநாயகமான ரேஸ். ஆபீஸ் போகிற காரிலேயே வந்து ஓட்டிவிட்டு, அதிலேயே வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு.

இதன் ஸ்கோரிங் முறைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தார் மேல் நடக்கும் ஆட்டோகிராஸில் உங்க பெஸ்ட் ரன் மட்டும்தான் கணக்கு. ராலிகிராஸில் நாள் முழுக்க ஓட்டிய எல்லா ரன்களின் நேரத்தையும் கூட்டுவார்கள். ஒரு கூம்பு விழுந்தால் 2 விநாடி சேரும். ஒரு கேட்டை விட்டுவிட்டால் 10 விநாடி.

இரண்டு பேரைக் கற்பனை செய்யுங்க. முதல் ஆள் ஆறு ரன்னும் 61, 61, 61, 60, 60, 60. மொத்தம் 363. இரண்டாவது ஆள் செம ஸ்பீடு: 58, 57, 58, 57. ஐந்தாவது ரன்னில் கார் சுற்றி நின்றுவிட்டது, 70. ஆறாவது 58-தான், ஆனால் மூணு கூம்பு விழுந்ததால் 64. கூட்டிப் பாருங்க, 364. நாலு ரன்னில் தெளிவாக வேகமாக இருந்தவர் ஒரு விநாடியில் தோற்கிறார். அதனால் இந்தப் போட்டிக்குக் கார் கட்டுகிறவர் தேட வேண்டியது உச்ச வேகத்தை இல்லை. ஆறு தடவையும் ஒரே மாதிரி நடந்துகொள்கிற, நடுவில் நின்றுவிடாத காரைத்தான் அவர் கட்டணும். பழைய கார் என்றால் 'நின்றுவிடாத' என்கிற வார்த்தைக்குக் கூடுதல் எடை.

ஏன் 944?

1982 முதல் 1991 வரை வந்த கார் இது. முன்னால் 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின். போர்ஷேவின் பெரிய காரான 928-இல் இருந்த வி8 எஞ்சினில் பாதி என்று சொல்லலாம், வம்சாவளி அதுதான். ஆனால் கியர்பாக்ஸ் எஞ்சினோடு இல்லை. அது பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரு நீளமான குழாய் இணைக்கிறது, அதற்கு டார்க் டியூப் என்று பெயர். உள்ளே ஒரு மெல்லிய ஷாஃப்ட் எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். இந்த டிரான்ஸ்ஆக்சில் ஏற்பாட்டால் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. பின்சக்கரம் இழுக்கும் கார் மண்ணில் ஓடணும் என்றால் பின் ஆக்சில் மேல் எடை இருப்பது பெரிய வரம். பாடி முழுக்க கால்வனைஸ் பண்ணிய ஸ்டீல் என்பதால் அந்த வயசுக் கார்கள் பலவற்றை விட துருவை நன்றாகத் தாங்குகிறது.

ஒரு சைடு குறிப்பு: இதன் அண்ணன் முறையான 924-இன் கரேரா ஜிடிஎஸ் வடிவத்தை வால்டர் ரோல் 1981-இல் ஜெர்மன் ராலி சாம்பியன்ஷிப்பில் ஓட்டினார். 1980-இல் உலக ராலி சாம்பியன் ஆனவர் அவர். ஆக, இந்தக் குடும்பத்துக்கு மண் புதுசு இல்லை.

இப்போ கணக்குக்கு வருவோம்.

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனை ஹெச்பி?" அமெரிக்காவில் விற்ற ஆரம்பகால 944-க்கு 143. டார்க் சுமார் 186 நியூட்டன் மீட்டர், 3000 ஆர்பிஎம்மில். இன்றைக்கு ஒரு சாதாரண எஸ்யூவியே இதை விட அதிகம் வைத்திருக்கும். 'அப்போ முதல் வேலை டர்போ போடறதுதான்' என்று தோன்றும். தோன்றட்டும், அதற்குள் கால்குலேட்டரை எடுங்க.

இரண்டாவது கியர் விகிதம் 2.125, ஃபைனல் டிரைவ் 3.889. இரண்டையும் பெருக்கினால் 8.26. 186-ஐ இதால் பெருக்கினால் சக்கரத்தில் 1537 நியூட்டன் மீட்டர். வழியில் உராய்வில் 12 சதவீதம் போகட்டும், 1350 என்று வைப்போம். டயரின் ஆரம் 0.31 மீட்டர் என்றால், தரையைத் தள்ளும் விசை சுமார் 4360 நியூட்டன். இது எஞ்சின் தரத் தயாராக இருப்பது.

தரை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பது எவ்வளவு? கார் 1200 கிலோ, பாதி பின்னால், அதாவது 600. லூஸ் மண்ணில் உராய்வுக் குணகம் 0.5 என்று எடுத்துக்கொள்வோம். வேகம் எடுக்கும்போது எடை பின்பக்கம் நகரும். எவ்வளவு? நிறை × முடுக்கம் × ஈர்ப்பு மையத்தின் உயரம் ÷ வீல்பேஸ். அதே மனப்பாட ஃபார்முலாதான். 944-இன் வீல்பேஸ் 2.4 மீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் 0.27 ஜி என்றால் 67 கிலோ பின்னால் போகிறது. ஆகப் பின்னால் 667 கிலோ. 667 × 9.81 × 0.5, சுமார் 3270 நியூட்டன்.

எஞ்சின் கொடுப்பது 4360. மண் வாங்குவது 3270. இரண்டாவது கியரிலேயே எஞ்சின் ஜாஸ்தி! மூன்றாவது கியரில் (விகிதம் 1.458) இதே கணக்கு 2990 பக்கம் வரும், அங்கேதான் இரண்டும் ஏறக்குறைய சமன் ஆகிறது. சரி, மூன்றாவது கியருக்குப் போகும் அளவுக்கு வேகம் வருமா? இரண்டாவது கியரில் 6000 ஆர்பிஎம் போனால் மணிக்கு 85 கிலோமீட்டர். கூம்பு வைத்த மண் பாதையில் அதைத் தாண்டும் நேரம் ரொம்பக் குறைவு. புறப்பட்டதும் இரண்டாவது கியருக்கு மாற்றி, கடைசி வரை அதிலேயே ஓட்டலாம்.

அதாவது டர்போவுக்குச் செலவு பண்ணும் காசு முழுக்கப் புழுதியாகப் பின்னால் பறக்கும். நம்ம பசங்க எந்த வண்டியை எடுத்தாலும் எக்ஸாஸ்டில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பணும். தரையைத் தொடுவது எதுவோ, அதுதான் முதல் செலவு.

டயரும் சஸ்பென்ஷனும்

தாரில் அகலமான வழவழ டயர் ஜெயிக்கும். மண்ணில் மெலிசான, ஆழமான கட்டைகள் உள்ள டயர். காரணம், மேலே இருக்கும் லூஸ் மண் ஒரு லேயர்தான், அதற்கு அடியில் கெட்டித் தரை இருக்கிறது. குறுகலான டயர் அந்த மேல் லேயரை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் போய்த் தொடும். அகலமான டயர் மேலேயே மிதக்கும். 15 இன்ச் ரிம்மில் 185/65 மாதிரி ஒரு கிராவல் ராலி டயர் இந்தக் காருக்குப் பொருந்தும். 0.31 மீட்டர் என்று மேலே எடுத்த ஆரம் அதில் இருந்து வந்ததுதான்.

இன்னொரு விஷயம், இதை டெக்ஸ்ட்புக்கில் தார் கிராஃப் மட்டுமே போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். தாரில் ஸ்லிப் கொஞ்சம் இருக்கும்போதே பிடிமானம் உச்சத்தைத் தொட்டுவிடும், அதற்கு மேல் போனால் குறையும். லூஸ் மண்ணில் அந்த உச்சம் நிறைய தள்ளிப் போய் வருகிறது. சக்கரம் வழுக்கும்போது தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து ஒரு சின்ன வரப்பு மாதிரி ஆக்குகிறது. அந்த வரப்பே காரை நிறுத்துகிறது. ஜல்லி ரோட்டில் ஏபிஎஸ் இருக்கும் கார் நிற்க அதிக தூரம் எடுப்பது இதனால்தான். ஏபிஎஸ் சக்கரத்தைச் சுற்ற வைத்துக்கொண்டே இருப்பதால் வரப்பு உருவாகவே விடாது. மண்ணில் ஓட்டுபவர்கள் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டுவதற்கும் காரணத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி, பார்க்க அழகாக இருக்கும் என்பது.

ஸ்பிரிங் பற்றி ஒரு பொதுவான தப்பு உண்டு: "சாஃப்ட் ஸ்பிரிங் போட்டால் வெயிட் டிரான்ஸ்ஃபர் அதிகமாகும்." ஃபார்முலாவைத் திரும்பப் பாருங்க. நிறை, முடுக்கம், உயரம், வீல்பேஸ். ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? இல்லை. 0.5 ஜியில் பிரேக் பிடித்தால் 125 கிலோ முன்னால் போகும். ஸ்பிரிங் கல்லாக இருந்தாலும் பஞ்சாக இருந்தாலும் அதே 125 கிலோ. காரின் மூக்கு எவ்வளவு தாழும், எவ்வளவு நேரத்தில் தாழும் என்பதை மட்டும்தான் ஸ்பிரிங்கும் டேம்பரும் மாற்றுகின்றன. அப்புறம் ஏன் மண்ணில் சாஃப்ட்? மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பாமல் இருக்கத்தான். காற்றில் இருக்கும் டயருக்கு மியூ எவ்வளவு இருந்தால் என்ன?

ஆன்டி-ரோல் பாரில்தான் விளையாட்டு. இரண்டு ஆக்சிலில் எது வளைவின்போது எடை மாற்றத்தில் அதிகப் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை இது மாற்றும். பின்பக்க பாரைக் கழற்றிவிட்டால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தின் மேல் எடை மிச்சம் இருக்கும். இதற்கும் ஒரு கணக்கு. பெரும்பாலான 944-களில் சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல்தான், லிமிடெட் ஸ்லிப் என்பது ஆப்ஷன். ஓப்பன் டிஃப் இரண்டு பக்கமும் ஒரே டார்க்தான் கொடுக்கும், எனவே பலவீனமான பக்கம் வைத்ததுதான் சட்டம். வளைவில் வெளிப்பக்கம் 400 கிலோ, உள்பக்கம் 250 கிலோ என்று வையுங்க. உள்பக்கம் தாங்குவது 250 × 9.81 × 0.5, அதாவது 1226 நியூட்டன். இரண்டு பக்கமும் சேர்த்து 2452. இரண்டு சக்கரமும் பூட்டியிருந்தால் 650 கிலோவுக்கு 3188 கிடைத்திருக்கும். வளைவுக்கான பக்கவாட்டு விசை எடுத்துக்கொள்வதை இப்போதைக்கு விட்டுவிட்டால், 23 சதவீத உந்துவிசை சும்மா போகிறது. பாரைக் கழற்ற ஆகும் செலவு பூஜ்யம். லிமிடெட் ஸ்லிப் வாங்குவது அதற்கு அப்புறம் யோசிக்க வேண்டிய விஷயம். டர்போ பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு இந்தக் காரில் ரொம்பப் பிடித்த பாகம் பின் சஸ்பென்ஷன். அதில் காயில் ஸ்பிரிங் கிடையாது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காலத்து ஐடியா, குறுக்கே படுத்திருக்கும் டார்ஷன் பார். முறுக்கினால் திரும்பி வரத் துடிக்கும் ஒரு எஃகுத் தண்டு, அவ்வளவுதான். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் நாம் முறுக்கி உடைத்த அதே சாமான். மண்ணில் ஓட காரை உயர்த்தணும், ஆனால் ஸ்பிரிங்கே தண்டாக இருந்தால் எப்படி உயர்த்துவது? தண்டின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். உள்முனையை ஒரு பல் தள்ளினால் 360-ஐ 40-ஆல் வகுத்து 9 டிகிரி. வெளிமுனையில் ஒரு பல் 8.18 டிகிரி. ஒன்றை முன்னால் ஒரு பல், மற்றதைப் பின்னால் ஒரு பல் நகர்த்தினால் நிகர மாற்றம் 0.82 டிகிரி மட்டும். என்ன தெரியுதா? வெர்னியர் காலிப்பர்! முதல் வருஷ பிசிக்ஸ் லேபில் திட்டிக்கொண்டே ரீடிங் எடுத்தோமே, அதே தத்துவம் ஒரு காரின் இடுப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. தண்டில் இருந்து நீளும் கையை 40 சென்டிமீட்டர் என்று வைத்தால், 0.82 டிகிரிக்கு முனை 5.7 மில்லிமீட்டர் நகரும். 30 மில்லிமீட்டர் உயர்த்த ஐந்து அடிகள். கழற்றுவதற்கு முன் பழைய கோணத்தைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளணும். இல்லாவிட்டால் அந்த வாரக் கடைசி முழுக்க அங்கேதான்.

முன்பக்கம் சாதாரண மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங் மாற்றினால் போதும், சொல்ல ஒன்றும் இல்லை.

கவிழுமா?

உயர்த்தினால் கவிழுமே என்கிற பயம் நியாயமானது, அதையும் கணக்காகவே பார்ப்போம். இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஸ்டாட்டிக் ஸ்டெபிலிட்டி ஃபேக்டர் வரும். 1.45 ÷ (2 × 0.5) = 1.45. அதாவது சமதளத்தில் கார் கவிழ 1.45 ஜி பக்கவாட்டு முடுக்கம் வேணும். 4 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 1.34 ஆகிறது. மண் கொடுக்கக்கூடியது 0.5, 0.6 ஜிதான். ஆகக் கவிழும் முன்னால் கார் சறுக்கிவிடும். பேப்பரில் இது பாதுகாப்பான கார்.

ஆனால் மைதானம் பேப்பர் இல்லை. ஒரே வளைவில் நாள் முழுக்கக் கார்கள் போனால் அங்கே பள்ளமாக ஒரு தடம் விழும். பக்கவாட்டில் சறுக்கி வரும் டயர் அந்தத் தடத்தின் சுவரில் இடித்தால், அதற்கு மேல் உராய்வுக் கணக்கே செல்லாது. மியூ 0.5 என்பது சறுக்கும் டயருக்குத்தான், சுவரில் இடிக்கும் டயருக்கு இல்லை. அந்த நொடி 1.34 என்பது எட்டக்கூடிய எண். இதனால்தான் நல்ல அமைப்பாளர்கள் தடம் ஆழமானால் கூம்புகளை நகர்த்தி வேறு பாதை போடுகிறார்கள், அல்லது அந்த வளைவின் வேகத்தைக் குறைக்கிறார்கள். நீங்க எங்கே ஓட்டினாலும், பாதையை நடந்து பார்க்கும்போது கூம்பை மட்டும் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க. நம்ம ஊர் பாஹா டிராக்கிற்கும் இது அப்படியே பொருந்தும்.

ஹெல்மெட் கட்டாயம், ஸ்னெல் தரச்சான்று உள்ளது. இதில் விவாதம் இல்லை. விவாதம் வருவது ரேசிங் பெல்ட்டில். நாலு முனை ஹார்னஸ் வாங்கி சாதா சீட்டில் மாட்டிக்கொண்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்போம். ரோல் பார் இல்லாத காரில் அது நேர்மாறாகவும் ஆகலாம். கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால், சாதாரண மூணு முனை பெல்ட் உடம்பைப் பக்கத்தில் சாய விடும். ஹார்னஸ் உங்களை நிமிர்த்திப் பிடித்து, தலையைக் கூரைக்கு நேராகவே வைத்திருக்கும். அதனால் ரோல் பார், அதற்கேற்ற சீட், ஹார்னஸ் மூன்றையும் சேர்த்தே போடணும். மூன்றுக்கும் காசு இல்லையா? கம்பெனி பெல்ட்டே இருக்கட்டும்.

இதோடு ரூல் புத்தகமும் சேர்கிறது. எஸ்சிசிஏவில் கார்களை எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதை வைத்து மூன்றாகவும், எவ்வளவு மாற்றியிருக்கிறோம் என்பதை வைத்து ஸ்டாக், ப்ரிப்பேர்டு, மாடிஃபைடு என்று மூன்றாகவும் பிரிக்கிறார்கள். கழற்றக் கூடாத ஒரு பாகத்தைக் கழற்றினால் மேல் வகுப்புக்குத் தள்ளப்பட்டு, முழுக்க வெட்டி ஒட்டிய கார்களோடு மோதணும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அந்தப் பக்கங்களைப் படிப்பது நல்லது.

நின்றுவிடாத கார்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். டைமிங் பெல்ட்.

944-இன் எஞ்சின் இன்டர்ஃபியரன்ஸ் வகை. வால்வு முழுக்கத் திறந்து இறங்கும் இடத்துக்குள் பிஸ்டனும் மேலே வரும். இரண்டும் வேற வேற நேரத்தில் வருவதால் மோதுவதில்லை. அந்த நேரத்தைக் காப்பாற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை வளைத்துவிடும், எஞ்சினைத் திறந்தாகணும். பழைய கார் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால், பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இருக்கா என்று முதலில் கேளுங்க. 'ரொம்ப ஓடாத கார்' என்பது இங்கே பாராட்டு இல்லை. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கு இல்லை, வயசும் கணக்கு. அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, பம்ப் பேரிங் சிக்கினால் பெல்ட்டும் போகும். அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்கள். பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளுக்கு இன்னொரு பெல்ட் தனியாக இருக்கிறது. அது அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் கதை அதேதான்.

அடுத்தது டிஎம்இ ரிலே. எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் ஃப்யூவல் பம்புக்கும் கரண்ட் கொடுக்கும் ஒரு சின்ன டப்பா. உள்ளே சால்டர் விரிசல் விட்டால் எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். இந்தக் காரின் சொந்தக்காரர்களிடம் ஸ்பேர் ரிலே ஒன்று டேஷ்போர்டு டிராயரிலேயே இருக்கும் என்பது கிட்டத்தட்ட ஜோக் ஆகிவிட்டது. குலுங்கும் மைதானத்தில் விரிசலுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் பயப்படும் இன்னொன்று, இரண்டாவது கனெக்டிங் ராட் பேரிங். நீளமான வேகமான வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அந்தப் பேரிங் காய்ந்துவிடும். மண்ணில் பக்கவாட்டு முடுக்கம் பாதிதான், வளைவுகளும் சின்னது, அதனால் ஆபத்து குறைவு. ஆயில் லெவலைக் குறைய விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மண் இந்த எஞ்சினுக்குச் செய்யும் ஒரே உபகாரம் இது.

கெடுதல்கள் நிறைய. ஆயில் சம்ப் அலுமினிய வார்ப்பு, தாழ்வாகவும் இருக்கிறது. ஒரு கல் போதும். அடியில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு அலுமினிய ஸ்கிட் பிளேட் போடணும். முழுசாக மூடிவிடவும் கூடாது. ரேடியேட்டர் வழியாக வந்த சூடான காற்று வெளியே போகவும், ஆயில் டிரெயின் போல்ட்டுக்கும் ஓட்டை விடணும். பிளேட்டை நேராக சம்ப்பில் போல்ட் பண்ணினால் அடி நேராக சம்ப்புக்குத்தான் போகும், அதனால் குறுக்குச் சட்டத்தில் பிடிக்கணும். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் திறந்து பார்க்கணும். காய்ந்த புல்வெளியில் ஓட்டினால் புல் போய் எக்ஸாஸ்டில் சிக்கிப் புகையும், தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும்.

ஓட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரையில் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் மேலே போட்ட கணக்கில் இருந்தே சில விஷயம் வெளியே வருகிறது. வளைவுக்கு முன் ஆக்சிலரேட்டரை விட்டு லேசாக பிரேக் தொட்டால் 100 கிலோ முன்சக்கரங்களுக்குப் போகும். அந்த நேரம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு கேட்கும். எடை குறைந்த பின்பக்கம் சறுக்க ஆரம்பிக்கும். சறுக்க ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாகக் கொடுத்தால் எடை பின்னால் திரும்பி வந்து பிடித்துக்கொள்ளும். முழுசாக மிதித்தால் 4360-க்கும் 3270-க்கும் உள்ள வித்தியாசம் காரைச் சுற்றிவிடும், உங்க 70 விநாடி ரன் ரெடி. ஹேண்ட்பிரேக் போட்டுத் திருப்பலாம், அமெரிக்க 944-இல் அது டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும். ஆனால் அது பின் டிஸ்க்குக்கு உள்ளே இருக்கும் குட்டி டிரம்மில் வேலை செய்வது, காரை நிறுத்தி வைக்கத்தான் டிசைன் பண்ணியது. அதை நம்பி ஒவ்வொரு வளைவையும் திருப்பினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

காலை முதல் ரன்னுக்கும் மாலை கடைசி ரன்னுக்கும் தரை ஒன்றாக இருக்காது. காலையில் லூஸ் மண் முழுக்கப் பாதை மேல் கிடக்கும், முதலில் ஓடுகிற கார்தான் பெருக்கிவிட வேண்டும். மதியத்துக்குள் நடுவில் ஒரு கெட்டியான சுத்தமான கோடு விழும், லூஸ் எல்லாம் ஓரத்துக்குப் போயிருக்கும். கோட்டில் இருந்து ஒரு அடி விலகினால் பிடிமானம் பாதியாகும். காலையில் நன்றாகச் சறுக்கிய அதே இடத்தில் மாலையில் கார் சட்டென்று பிடிக்கும். அதனால் உங்க முறைக்கு முன், கூம்பு எடுத்து வைக்கும் வேலையில் நிற்கும்போது மற்ற கார்களின் புழுதி எந்த இடத்தில் கிளம்புகிறது என்று பாருங்க. புழுதி கிளம்பாத இடம் கெட்டித் தரை. அந்த வேலையைச் சலித்துக்கொண்டு செய்பவர்கள் இந்தத் தகவலை இலவசமாகத் தவறவிடுகிறார்கள்.

போட்டி முடிந்த அன்று ராத்திரியே ரிம்முக்கு உள்பக்கம் ஒட்டிய சேற்றைக் கழுவணும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டியரிங் ஆடுவதைப் பார்த்து பேரிங் போய்விட்டது என்று பயந்துபோவீங்க. பின்பக்க ஆக்சிலின் சிவி ஜாயிண்ட் பூட்டுகளில் கிழிசல் இருக்கா என்று டார்ச் அடித்துப் பாருங்க, கிழிசலில் மண் போனால் ஜாயிண்ட் அரைபட்டுவிடும். அங்கேயே படுத்திருக்கும்போது, அந்த ஜாயிண்ட்டை கியர்பாக்ஸோடு பிடித்திருக்கும் ஆலன் போல்ட்டுகளை ஒரு டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துவிடுங்க. இந்தக் காரில் அவை தானாகத் தளரும்.